கூடாரத்துக்குக் காவல்

வந்தவர்கள்: அண்ணன். அண்ணி. அவர்களுடைய பெண்கள் இரண்டு பேர். நான். என் வீட்டுக்காரி. எங்கள் கைக்குழந்தை. அக்கா.

எட்டுப் பேர். அக்காவைக் கடைசியில் எழுதியிருக்கிறேன். அப்போதும் அப்படித்தான் எண்ணுவோம். பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஆட்களை எண்ணி முடித்து, மூட்டைகளை எண்ணத் திரும்பினால் அங்கே மூட்டைகளுக்கு நடுவில் அவள் உட்கார்ந்திருப்பாள்.

நாங்கள் கரும்பு வெட்டுகிறவர்கள். தியாகதுருகத்துக்குப் பக்கம் ஊர். ஆலை ஓடும் மாதங்களில் வீட்டில் இருக்க மாட்டோம். எந்தக் கொல்லையில் வெட்டோ அந்தக் கொல்லையில் தார்ப்பாய் கட்டிக் குடும்பத்தோடு தங்குவோம். வெட்டு முடிந்தால் அவிழ்த்துச் சுருட்டி அடுத்த கொல்லை. நான் பிறந்ததே அப்படி ஒரு தார்ப்பாய்க்கு அடியில் என்று அம்மா சொல்லியிருக்கிறாள்.

எங்களுக்கு வருஷா வருஷம் வெட்டுக் கொடுக்கிறவர் ஒருவர் கல்வராயன் மலையில் நிலம் வாங்கினார். வெள்ளிமலை தாண்டிப் போக வேண்டும். பக்கத்தில் ஒரு அருவி. அங்கே கூடாரம் போட்டு டவுன் குடும்பங்களைத் தங்க வைக்கப் போவதாகச் சொன்னார். அண்ணன்தான் எங்கள் ஆட்களுக்கு மேஸ்திரி. அவனுக்கு அது புரியவில்லை.

"கூடாரத்துல தங்கறதுக்கு யாருங்க வருவாங்க? வூடு இல்லாதவங்களா?"

"வூடு இருக்கிறவன்தாண்டா வருவான்."

"காசு குடுத்தா?"

"ஆமாண்டா."

அண்ணன் என்னைப் பார்த்தான். அப்போ நம்மளுக்கு எத்தினி பாக்கி வரணும் என்பது போல ஒரு பார்வை.

அந்தக் கூடாரங்களைக் கட்டிக் கொடுத்தது நாங்கள்தான். பன்னிரண்டு கூடாரம். நாங்கள் கட்டிய கட்டு காற்றுக்கு அவிழவில்லை. அதனால் அவர் சொன்னார், ஆடி மாதம் ஆலை நிற்கும்போது குடும்பத்தோடு வந்து மூன்று நாள் இருந்துவிட்டுப் போங்கள், கிழிந்ததையும் தளர்ந்ததையும் சரி பண்ணிக் கொடுங்கள் என்று. அப்படித்தான் நாங்கள் மலைக்குப் போக ஆரம்பித்தோம்.

மலையில் என்ன சாமான் தேவை என்று இப்போது யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியும். டவுன்காரர்கள் கொண்டுவந்ததில் பாதி உதவாது. ரேடியோ கொண்டுவருவார்கள், மலையில் கரகரவென்று மட்டும் பாடும். பெரிய பெட்டி கொண்டுவருவார்கள், சேற்றில் அதைத் தலையில்தான் வைக்க வேண்டும், வைக்கத் தெரியாது. நாங்கள் கொண்டுபோனது கரும்புக் கொல்லைக்கு என்ன கொண்டுபோவோமோ அதே. தார்ப்பாய் இரண்டு, ஒன்று மேலே, ஒன்று கீழே. நைலான் கயிறு. கடப்பாரை. மண்வெட்டி. கரும்பு வெட்டும் கத்தி, அதுவே விறகுக்கும் காய்கறிக்கும். அரிக்கேன் விளக்கு. சோற்றுக்குண்டான், அதற்குள் குழம்புச் சட்டி, அதற்குள் டம்ளர்கள். சாக்கு ஆளுக்கு ஒன்று.

சாக்கைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். குளிருக்குக் கால் இரண்டையும் சாக்குக்குள் விட்டு இடுப்பில் ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டு படுத்தால் போர்வை தேவையில்லை. பகலில் அதுவே உட்காரும் பலகை. மழை வந்தால் ஒரு மூலையை உள்ளே தள்ளித் தலையில் மாட்டிக்கொள்ளலாம். காலுக்கு டயர் செருப்பு. கரும்புக் கட்டைகள் குத்தாமலிருக்க நாங்கள் எல்லோரும் அதைத்தான் போடுவோம். மலைக் கல்லில் அது வழுக்காது.

மண்வெட்டியைப் பார்த்து முதல் வருஷம் டவுன்காரர்கள் சிரித்தார்கள். பக்கத்துக் கூடாரத்து அம்மா ஒருத்தி கேட்டாள், "இங்கயும் வந்து விவசாயமா?"

நாங்கள் எங்கள் கூடாரத்தைச் சுற்றி ஒரு சாண் ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டி, பள்ளத்துப் பக்கம் வடித்துவிட்டோம். கொல்லையில் செய்வதுதான். அன்று சாயங்காலம் மழை அடித்தது. அந்த அம்மா நனைந்த தலையணையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றாள்.

அண்ணி கேட்டாள், "இன்னாம்மா, நாத்து நடலாமா?"

அந்த அம்மாவும் சிரித்துவிட்டாள். அண்ணனும் நானும் போய் அவர்கள் கூடாரத்துக்கும் வெட்டிக் கொடுத்தோம். மறுநாள் பன்னிரண்டுக்கும் வெட்டினோம்.

போக்குவரத்து இப்படி. கள்ளக்குறிச்சியிலிருந்து காலையில் ஒரு பஸ் மேலே போகும். வளைவுகளில் என் வீட்டுக்காரி புளிப்பு மிட்டாயை வாயில் அடக்கிக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வாள். பஸ் நிற்கும் இடத்திலிருந்து ஜீப். ஜீப் வராவிட்டால் நடை. வாசல் கேட்டுக்குள் எந்த வண்டியும் போகக் கூடாது, தரை உழுததுபோல ஆகிவிடும் என்று. கேட்டில் ஒரு தள்ளுவண்டி இருக்கும். இரண்டு சைக்கிள் சக்கரம், மேலே பலகை. பன்னிரண்டு குடும்பத்துக்கும் அது ஒன்றுதான். அதில் சாமானை ஏற்றித் தள்ளிக்கொண்டு போக வேண்டும். குழந்தைகள் ஏறி விளையாடி ஒரு முறை கவிழ்த்துவிட்டார்கள். அதிலிருந்து 'சாமான் மட்டும்' என்று பலகையில் பெயிண்டால் எழுதிவிட்டார்கள். கேட்டில் இருந்த காவல்காரர் மலைக்காரர், அதிகம் பேசாதவர். வண்டியை எடுத்தால் எடுத்தவன் முகத்தை ஞாபகம் வைத்துக்கொள்வார்.

இனி அக்காவைப் பற்றி.

அக்காவுக்கு வலது கால் சிறுவயதிலேயே சூம்பிப்போனது. இளம்பிள்ளை வாதம். சமதரையில் கையைத் தொடையில் ஊன்றி நடந்துவிடுவாள். இறக்கத்தில் விழுவாள். வெட்டுக்கு அவள் வர முடியாது. ஆனால் அவள் இல்லாமல் வெட்டு நடக்காது. நாங்கள் கொல்லைக்குள் இறங்கினால் கூடாரத்தில் சாமானுக்குக் காவல் அவள். எல்லார் குழந்தைகளின் தூளியையும் ஆட்டுவது அவள். நாய் வந்தால் விரட்டுவது அவள். சாயங்காலம் லாரி வந்தால் வேறு ஒரு வேலையும் அவளுக்கு உண்டு. நாங்கள் தலையில் கட்டுச் சுமந்து பலகையில் ஏறி லாரியில் போடுவோம். அவள் கீழே உட்கார்ந்து எண்ணுவாள். இருபது கட்டுக்கு ஒரு கூழாங்கல்லை மடியில் போட்டுக்கொள்வாள். முடிந்ததும் அண்ணன் கேட்பான், "எத்தினி?" அவள் சொல்வாள். ஆலைக்காரன் கணக்கோடு அது ஒரு நாளும் தவறியதில்லை. அவள் பள்ளிக்கூடம் போனதே இல்லை. நான் மூன்றாவது வரை போனேன்.

மலைக்குப் போன முதல் வருஷம் மறுநாள் காலை அருவிக்குக் கிளம்பினோம். அக்கா கூடாரத்தில் இருந்தாள். யாரும் இரு என்று சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. கூடாரம் என்றால் ஒருத்தர் காவல், அது அக்கா. கால் அதுவாகச் செருப்பை மாட்டுவதுபோல நாங்கள் கிளம்பிவிட்டோம். குளித்துவிட்டு மத்தியானம் வந்தோம். சோறு வெந்திருந்தது.

இரண்டாவது வருஷமும் அப்படியே. அந்த வருஷம் அண்ணனின் பெரிய பெண் தூக்குவாளியில் அருவித் தண்ணீர் கொண்டுவந்து அக்காவிடம் கொடுத்தாள். அக்கா அதில் முகம் கழுவினாள்.

"எப்டி இருக்குது அத்தே?"

"குழாத்தண்ணி மாதிரிதான் இருக்குது."

மூன்றாவது வருஷம். காலையில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். கேட்டுக் காவல்காரர் தள்ளுவண்டியைத் தேடிக்கொண்டு அந்தப் பக்கம் வந்தார். அண்ணி அவருக்கும் ஒரு டம்ளர் கொடுத்தாள். குடித்துக்கொண்டே அக்காவைக் காட்டிக் கேட்டார்.

"இந்தம்மா ஏன் எந்த வருஷமும் அருவிக்குப் போவறதில்ல?"

"சாமானுக்குக் காவல்" என்றான் அண்ணன்.

அவர் எங்கள் சாமானைப் பார்த்தார். குண்டான், சட்டி, சாக்கு.

"மேஸ்திரி, அப்போ கேட்டாண்ட நான் எதுக்கு உக்காந்துக்கினு இருக்கறேன்?"

மூன்று வருஷமாக அந்த ஆளைத் தாண்டித்தான் உள்ளே வருகிறோம். சுற்றிலும் வேலி இருந்தது, அதையும் கட்டியது நாங்கள்தான். பன்னிரண்டு கூடாரத்தில் பதினொன்று ஆள் இல்லாமல் திறந்து கிடக்க, எல்லோரும் அருவியில் இருப்பார்கள். எங்கள் கூடாரத்துக்கு மட்டும் காவல் இருந்தது.

அவர் டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பக்கத்துக் கூடாரத்தருகே கிடந்த வண்டியைக் கேட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனார். அக்கா அதை எடுத்துக் கழுவினாள். கழுவிக்கொண்டே சொன்னாள்.

"நானும் வர்றேன்."

"எங்க?" என்றான் அண்ணன்.

"அருவிக்கு."

"படி செங்குத்தா இருக்குது யக்கா. மழைத்தண்ணி வேற."

"தெரியும். பொண்ணுங்க சொல்லியிருக்குதுங்க."

"உன்னால முடியாது."

"முடியாதுன்னா பாதியில உக்காந்துக்கறேன். இங்கயும் உக்காந்துக்கினுதான இருக்கறேன்."

அண்ணன் எழுந்து போய்க் கத்தியை எடுத்தான். வேலியோரம் மீந்திருந்த மூங்கிலில் ஒன்றை வெட்டிக்கொண்டு வந்தான். தார்ப்பாயை இரண்டாக மடித்து மூங்கிலில் கட்டினான். நல்ல கட்டு. யாரும் குறை சொல்ல முடியாது. முன்னால் ஒருத்தன் பின்னால் ஒருத்தன் தூக்கிக்கொண்டு போகலாம்.

அக்கா அதைப் பார்த்தாள்.

"அவுத்துடு அதை."

"இன்னா யக்கா?"

"என்னை ஒரு தரம் தூக்கினா போதும். அன்னிக்கு எப்டி வேணா தூக்குங்க, நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்."

அண்ணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். சிரிப்பா என்று தெரியவில்லை. அண்ணன் கட்டை அவிழ்த்தான். நான் போய்க் கேட்டிலிருந்து தள்ளுவண்டியைக் கொண்டுவந்தேன். காவல்காரர் கூடவே வந்துவிட்டார்.

"இன்னா ஏத்தப் போறீங்க?"

"அக்காவை" என்றேன்.

அவர் பலகையில் எழுதியிருந்ததைக் காட்டினார். நான் படிப்பது எழுத்துக்கூட்டித்தான். படித்தேன். சாமான் மட்டும்.

அக்கா அதற்குள் பலகையில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

"நானும் சாமான்தாங்க. வருஷா வருஷம் சாமானோட சாமானாத்தான் வர்றேன். கேட்டாண்ட நீங்க பாத்ததில்லையா?"

அவர் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்திருந்த கல்லைக் காலால் தள்ளிவிட்டார்.

எல்லோரும் கிளம்பும்போது அண்ணன் மட்டும் நகரவில்லை. கூடாரத்து வாசலில் சாக்கை விரித்து உட்கார்ந்தான்.

"வாயேன்" என்றாள் அண்ணி.

"நீங்க போங்க. எனக்கு ஜில்லு தண்ணி ஒத்துக்காது."

முந்தின நாள்தான் ஒரு மணி நேரம் அருவியில் நின்றுவிட்டு வந்தவன். அக்கா அவனைத் திரும்பிப் பார்த்துச் சொன்னாள்.

"நாய் வந்தா கல்லை எடுக்காதே. சும்மா குனி. அதுவே ஓடும்."

கூடாரத்திலிருந்து படியின் தலைப்பு வரைக்கும் ஒரு கூப்பிடு தூரம். மண் பாதை. சக்கரம் இரண்டு இடத்தில் புதைந்தது, நானும் என் வீட்டுக்காரியும் தள்ளினோம். அக்கா குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஊரைப் பார்க்கிறவள்போல இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு வந்தாள். படித் தலைப்பில் வண்டி நின்றது. அதற்குமேல் சக்கரம் இல்லை.

படிகள் மலைக்கல்லை அடுக்கிப் போட்டவை. ஒன்று முழங்கால் உயரம், ஒன்று சாண் உயரம். கைப்பிடி கிடையாது. பாசி. நான் முதுகைக் காட்டிக் குனிந்தேன்.

"ஏறிக்க யக்கா. ஒரு கட்டுக் கரும்பு கனம்கூட இருக்க மாட்டே."

"நீ பலகையில வழுக்கினா கட்டைப் போட்டுட்டு நிக்கலாம். என்னைப் போட்டுட்டு நிப்பியா?"

அவள் குழந்தையை என் வீட்டுக்காரியிடம் கொடுத்தாள். சாக்கை நாலாக மடித்துப் பின்பக்கம் வைத்து, கயிற்றால் இடுப்போடு கட்டச் சொன்னாள். கட்டினேன். என் டயர் செருப்பைக் கழற்றச் சொல்லி இரண்டு கையிலும் மாட்டிக்கொண்டாள். முதல் படியில் உட்கார்ந்தாள். கையை ஊன்றி, நல்ல காலை அடுத்த படிக்கு இறக்கி, உடம்பை இறக்கி, சூம்பின காலைக் கையால் எடுத்துப் பக்கத்தில் வைத்தாள்.

"ஒண்ணு" என்றாள்.

நான் ஒரு படி கீழே, அவளைப் பார்த்தபடி பின்பக்கமாக இறங்கினேன். விழுந்தால் என்மேல்தான் விழ வேண்டும். வெறுங்காலுக்குப் பாசி சில்லென்றிருந்தது. அண்ணியும் மற்றவர்களும் முன்னால் போனார்கள். டவுன்காரர்கள் எங்களைத் தாண்டி இறங்கினார்கள். குளித்துவிட்டு எங்களைத் தாண்டி ஏறினார்கள். நனைந்த தலையணைக்காரி அந்த வருஷமும் வந்திருந்தாள். அவள் நின்று, "கை குடுக்கட்டுமாம்மா?" என்று கேட்டாள்.

"வேணாம்மா. எண்ணிக்கினு இருக்கறேன். தப்பிடும்."

இருபதானதும் படியோரத்திலிருந்து ஒரு கூழாங்கல்லை எடுத்து மடியில் போட்டாள். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, லாரிக் கணக்குப் போடுகிறாள் என்று. மூன்றாவது கல்லில் வேர்த்துவிட்டது. ஐந்தாவதில் புறங்கையில் தோல் உரிந்தது, செருப்பு வார் அறுத்தது. நான் போதுமா என்று கேட்டேன். அடுத்த படிக்குக் காலை இறக்கினாள். அருவிச் சத்தம் கேட்க ஆரம்பித்ததும் நின்றாள். தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"லாரி ஏத்தத்துல ஏறுற மாதிரி இருக்குது" என்றாள்.

கீழே போய்ச் சேர்ந்தபோது மடியில் ஒன்பது கல். மேற்கொண்டு ஏழு படி.

அண்ணியும் என் வீட்டுக்காரியும் இரண்டு பக்கமும் பிடித்து அவளைத் தண்ணீருக்குள் உட்கார வைத்தார்கள். இடுப்பளவு. அருவிக்கு நேர் அடியில் இல்லை, ஓரத்தில், சாரல் முகத்தில் அடிக்கிற இடம். அவள் சூம்பின காலை நீட்டினாள். தண்ணீர் அதைத் தூக்கிவிட்டது. கையால் எடுத்து வைக்காமல் அது தானாக மேலே வந்து மிதந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பெண்கள் பேச்சுக் கொடுத்தார்கள். ரொம்ப நேரம் ஆனது. உதடு நீலமாகிவிட்டது. அண்ணி என்னைப் பார்த்தாள், நான் வாயைத் திறந்தேன்.

"போதும்னு சொல்லாதீங்க" என்றாள் அக்கா. "நானே சொல்றேன்."

வெயில் பாறையை விட்டு இறங்கிய பிறகு சொன்னாள்.

ஏறும்போது முதுகை மேல்படிப் பக்கம் வைத்து உட்கார்ந்து, கையால் உந்தி, படி படியாகப் பின்பக்கமாக ஏறினாள். நான் கீழே நின்று நல்ல காலுக்கு என் கையை முட்டுக் கொடுத்தேன். அதை மட்டும் வேண்டாம் என்று சொல்லவில்லை. இருபது படிக்கு ஒரு கல்லை மடியிலிருந்து எடுத்து ஓரத்தில் வைத்தாள்.

"எறங்கினப்பவே எண்ணிட்டியே யக்கா."

"எறங்கினது ஏறணும் இல்ல. ஒத்து வரணும்."

மடி காலியானபோது மேலே ஏழு படி இருந்தது.

கூடாரத்துக்கு வந்தபோது சாயங்காலம். அண்ணன் சோறு வைத்திருந்தான். அடி பிடித்திருந்தது. பிறந்ததிலிருந்து அவன் வைத்த முதல் சோறு அதுவாகத்தான் இருக்கும். அக்காவின் கையைப் பார்த்தான். தேங்காய் எண்ணெய் எடுத்து அவள் பக்கம் நகர்த்தி வைத்தான். முகத்தைப் பார்க்கவில்லை.

"எத்தினி?" என்றான்.

அக்கா சொன்னாள். அவன் தலையை ஆட்டினான். லாரி நிரம்பின அன்று ஆட்டுவதுபோல.

"சோறு தீஞ்சிப்போச்சு" என்றாள் அக்கா.

"காவல் இருந்தேன்ல. எதைன்னு பாக்கறது?"

அந்த இரவு எல்லோரும் அந்தச் சோற்றைத்தான் தின்றோம்.

அதன் பிறகும் பல வருஷம் போனோம். அக்கா ஒவ்வொரு வருஷமும் இறங்கினாள். அவளுக்கென்று பழைய டயர் செருப்பில் கைக்கு ஏற்ற மாதிரி வார் மாற்றி வைத்துக்கொண்டேன். மலைக்குக் கட்டும் மூட்டையில் சாக்குக்கு அடுத்து அதுதான் போகும். காவலை நாங்கள் விடவில்லை. வேண்டாம் என்று தெரியும், காவல்காரரும் சொல்லிச் சிரிப்பார். இருந்தாலும் கூடாரத்தை அப்படியே விட்டுவிட்டுப் போக எங்களால் முடியவில்லை. முறை வைத்துக்கொண்டோம். ஒரு நாள் அண்ணன், ஒரு நாள் நான், ஒரு நாள் பெண்கள். அக்காவுக்கு மட்டும் முறை இல்லை. என் முறை வந்த நாட்களில் கூடாரத்து வாசலில் தனியாக உட்கார்ந்திருப்பேன். நாய் வரும். குனிவேன். ஓடும். காலையிலிருந்து மத்தியானம் எவ்வளவு நீளம் என்று அப்போது தெரிந்தது.

அக்கா போய்விட்டாள். அன்று அண்ணனும் நானும் மூங்கில் வெட்டிக் கட்டினோம். அவள் ஒன்றும் கேட்கவில்லை.

போன ஆடியில் அண்ணனின் பெரிய பெண் தன் பேரப்பிள்ளைகளோடு என்னையும் காரில் மலைக்குக் கூட்டிப்போனாள். இடம் கை மாறிவிட்டது. கூடாரங்களுக்கு இப்போது தகரக் கூரை, கட்டில், மெத்தை. கேட்டிலிருந்து உள்ளே போகப் பேட்டரி வண்டி விட்டிருக்கிறார்கள், ஆட்கள் ஏறலாம். தள்ளுவண்டி எங்கே என்று கேட்டேன். அப்படி ஒன்றைப் பற்றி அங்கே யாருக்கும் தெரியவில்லை. கூடாரங்களைச் சுற்றிலும் வாய்க்கால் மட்டும் இருந்தது, சிமெண்டில்.

படிக்குக் கம்பிக் கைப்பிடி போட்டிருக்கிறார்கள். கல் அதே கல். நான் பிடித்துக்கொண்டு இறங்கினேன். அத்தனை வருஷம் அவளுக்கு முன்னால் இறங்கியும் நான் எண்ணியதில்லை. அந்தத் தடவை எண்ணினேன். இருபதுக்கு ஒரு கல் சட்டைப் பையில் போட்டேன். கீழே வந்து பார்த்தால் ஒன்பது கல், மேற்கொண்டு ஆறு.

ஒன்று குறைந்தது. திரும்ப ஏறி எண்ணினேன். அப்போதும் அதே. மறுபடி இறங்கினேன். பேரப்பிள்ளைகள் தாத்தாவுக்கு என்ன ஆச்சு என்று பார்த்தார்கள். அருவியோரம் குளிக்கிறவர்கள் நிற்கச் சிமெண்டில் மேடை போட்டிருந்தது. அங்கே குப்பை கூட்டிக்கொண்டிருந்தவரைக் கேட்டேன்.

"இந்த மேடைக்கு அடியில படி இருந்துதுங்களா?"

"ஒண்ணு இருந்துது பெரியவரே. அதும் மேலயே ஊத்திட்டாங்க."

சரி. அவள் கணக்கு சரி.

நூற்று எண்பத்தேழு.